மர ஜன்னலில் தண்ணீர் எங்கே தங்குகிறது? முதன்முறை பராமரிப்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஐப்பசி அடைமழையில் ஜன்னல் கதவு சாத்த மறுக்கும். இழுத்துப் பார்ப்போம், தோள் கொடுத்துத் தள்ளிப் பார்ப்போம், கடைசியில் ஆசாரிக்குப் போன் போடுவோம். அவர் வந்து ஓரத்தில் நாலு இழைப்பு இழைத்துவிட்டுப் போவார். கதவு சமர்த்தாகச் சாத்திக்கொள்ளும். சித்திரையில் பார்த்தால் இரண்டு கதவுக்கும் நடுவே தெரு தெரியும். அடுத்த மழையில் அந்தச் சந்து வழியாகவே தண்ணீர் உள்ளே இறங்கும். எங்கள் வீட்டில் இரண்டு வருடம் தொடர்ந்து இப்படி இழைக்கவைத்து, கிழக்குப் பக்க ஜன்னல் ஒன்றை நானே கெடுத்தேன். அதைச் சரிசெய்யப் போய்க் கற்றுக்கொண்டதுதான் இந்தக் கட்டுரை.

வடகிழக்குப் பருவமழை வாங்கும் கடலோர மாவட்டங்களை மனதில் வைத்து எழுதுகிறேன். இங்கே அதிகம் அடிவாங்குபவை கிழக்கு, வடக்கு ஜன்னல்கள். தென்காசி, வால்பாறைப் பக்கம் தென்மேற்கு மழை பலம். அங்கே மேற்கு ஜன்னலை முதலில் பாருங்கள், மாதக் கணக்கையும் அதற்கேற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

ஊதுவது வேறு, இற்றுப்போவது வேறு

அறுத்து, இழைத்து, பெயின்ட் அடித்த பிறகும் மரம் காற்றிலுள்ள ஈரத்தை வாங்கிக்கொண்டும் விட்டுக்கொண்டும்தான் இருக்கும். கடலோரத்தில் கோடையில் அதன் ஈர அளவு 11, 12 சதவீதத்தில் நிற்கும். கார்த்திகையில் 16, 17 வரை ஏறும். ஈரம் ஒரு சதவீதம் ஏறினால் தேக்குச் சட்டம் அகலத்தில் சுமார் 0.2 சதவீதம் ஊதும். நீளவாக்கில் ஊதுவது கணக்கில் எடுக்கத் தேவையில்லாத அளவு.

இதை நம் ஜன்னலுக்குப் போட்டுப் பாருங்கள். ஜோடிக் கதவில் நின்றவாக்கில் நான்கு நெடுஞ்சட்டங்கள். ஒவ்வொன்றும் 75 மி.மீ. அகலம். ஐந்து சதவீதம் ஈரம் ஏறினால் ஒரு சட்டம் 0.75 மி.மீ. ஊதும், நான்கும் சேர்ந்தால் 3 மி.மீ. ஆக, கோடையில் செய்து மாட்டும் கதவுக்குக் குறைந்தது இந்த 3 மி.மீ. இடமும், பெயின்ட் கனத்துக்குக் கொஞ்சமும் விட்டே ஆக வேண்டும். விடாவிட்டால் மழையில் இறுகும். அது மரத்தின் குறை இல்லை, நோயும் இல்லை. தை பிறந்ததும் தானாக இளகிவிடும். அதனால்தான் சொல்கிறேன், மழை மாதங்களில் இழைப்புளி வேண்டாம். மிகவும் இறுகினால் உரசும் இடத்தில் மெழுகுவர்த்தியைத் தேய்த்து, அந்த மாதத்தைக் கடத்துங்கள். கோடையிலும் இறுகுகிற கதவு என்றால் அப்போது இழைக்கலாம். இழைத்த ஓரத்துக்கு அன்றைக்கே பிரைமர் அடித்துவிட வேண்டும்.

இற்றுப்போவது வேறு கதை. மரத்தைத் தின்னும் பூஞ்சைக்கு 20 சதவீதத்துக்கு மேல் ஈரம் வேண்டும், அதுவும் நாள்கணக்கில். சன்ஷேடுக்குக் கீழே நல்லபடி இருக்கும் ஜன்னலைக் காற்றின் ஈரம் மட்டும் அந்த அளவுக்குக் கொண்டுபோகாது. உங்கள் ஜன்னலில் ஓரிடம் இற்றிருந்தால் அங்கே தண்ணீர் தண்ணீராகவே வந்து தங்கியிருக்கிறது என்று அர்த்தம். மழை பட்டு, வழிந்து, காய்ந்துவிடும் மரத்துக்கு ஒன்றும் ஆகாது. வந்த தண்ணீர் வெளியேற வழியில்லாத இடம்தான் கெடும். பராமரிப்பு என்பது அந்த இடங்களைத் தேடிப் பிடிக்கும் வேலை.

முதலில்: மழையில் ஒரு முறை, வெயிலில் ஒரு முறை

நல்ல மழை பெய்யும்போது டார்ச் லைட்டோடு ஒவ்வொரு ஜன்னலாகப் பாருங்கள். சன்ஷேடின் முன்னோரத்திலிருந்து தண்ணீர் நேரே கீழே சொட்டுகிறதா, அடிப்பக்கமாக ஊர்ந்து சுவருக்கு வருகிறதா? நிலையின் (சுவரில் பதித்த மரச் சட்டகத்தின்) அடிக்கட்டை மேல் குளம் கட்டுகிறதா? மழை விட்டு அரை மணி நேரம் கழித்தும் எங்கே ஈரம் பளபளக்கிறது? போனில் படம் எடுத்து வையுங்கள். வெயில் காலத்தில் கொத்தனாரிடம் வாயால் விளக்கினால் நம்பமாட்டார்.

பிறகு நாலைந்து நாள் வெயில் காய்ந்ததும் ஒரு பழைய ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு, சந்தேகமான இடங்களில் லேசாகக் குத்திப் பாருங்கள். நல்ல மரம் முனையை உள்ளே விடாது. தட்டினால் கணீரென்று சத்தம் வரும். இற்ற மரத்தில் முனை கேக்கில் இறங்குவதுபோல் இறங்கும், சத்தமும் மொத்தென்று கேட்கும். மேலே பெயின்ட் புதுசாக மின்னிக்கொண்டிருக்கலாம், அதை நம்பவேண்டாம். அடியில் மாவு கொட்டியிருந்தால் வண்டு. மண்கோடு ஏறியிருந்தால் கரையான். இரண்டுமே ஈரம் தங்கும் வீட்டில் சௌகரியமாக வாழும் என்றாலும் வைத்தியம் வேறு. கரையானுக்கு ஜன்னலோடு நிற்காமல் சுவரையும் தரையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

கம்பியின் அடி

நம் ஊர் ஜன்னலின் முக்கியமான பலவீனம் இது. நிலையின் அடிக்கட்டையில் துளை போட்டுக் கம்பிகளை நட்டுவைக்கிறோம். மழை கம்பியில் பட்டு வழிந்து நேரே அந்தத் துளைக்குள் போகிறது. துளைக்கு அடியில் வாய் கிடையாது. அது ஒரு சின்னக் கிணறு. மேலே வெயில் காய்ந்த பிறகும் உள்ளே வாரக்கணக்கில் ஈரம் நிற்கும். கம்பி துருப்பிடிக்கும். துரு, தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிக்கும். அந்த அழுத்தத்தில் கட்டை நீளவாக்கில் பிளக்கும். பிளவு வழியாக இன்னும் தண்ணீர். ஆறு கம்பி ஜன்னல் என்றால் ஆறு கிணறு.

செய்யவேண்டியது: கம்பியின் கீழ் நாலு விரல் அளவுக்குப் பெயின்டைச் சுரண்டி, கம்பி பிரஷால் துருவை எடுங்கள். துளையைச் சுற்றியுள்ள பழைய மக்கை நோண்டி வெளியே எடுத்துவிட்டு, கோடையில் இரண்டு வாரமாவது காயவிடுங்கள். இப்படிக் காயவிடாமல் மேலே அடைத்தால் ஈரத்தைச் சிறைவைத்ததாகிவிடும். பிறகு கம்பிக்கு ரெட் ஆக்சைடு பிரைமர், மரத்துக்கு வுட் பிரைமர். கடைசியாகக் கம்பியைச் சுற்றிப் பாலியூரித்தேன் சீலன்டைப் (ரப்பர் போல் வளைந்துகொடுக்கும் அடைப்பு) பிதுக்கி, நனைத்த விரலால் சின்னக் கூம்பு மாதிரி, வெளிப்பக்கம் சரியும்படி நீவிவிடுங்கள். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், கையில் ஒட்டினால் லேசில் போகாது.

சிலிகான் மலிவு, ஆனால் அதன் மேல் பெயின்ட் பிடிக்காது. இரண்டு உருண்டையைப் பிசைந்து வைக்கும் எபாக்சி மக்கு கல்லாக இறுகிவிடும்; மரம் ஊதிச் சுருங்கும்போது சுற்றிலும் முடி அளவு விரிசல் விழுந்து, மறுபடி கிணறு.

புதிதாக ஜன்னல் செய்பவர்களுக்கு இந்தத் தலைவலியே வேண்டாம். கம்பியை நிலையில் நடாமல் கிரில்லாகச் செய்து உள்பக்கமாக ஸ்க்ரூ போட்டு மாட்டிவிடலாம். அடிக்கட்டையின் மேல்முகத்தையும் தட்டையாக விடாமல் வெளியே சாய்த்து இழைக்கச் சொல்லுங்கள்.

மரத்தைத் தொடுவதற்கு முன் சிமென்ட் வேலை

எல்லோரும் பெயின்டில் ஆரம்பிப்பார்கள். பெயின்ட் கடைசி. தண்ணீர் வரும் வழியை முதலில் மாற்றுங்கள்.

சன்ஷேடின் அடிப்பக்கம், முன்னோரத்திலிருந்து இரண்டு விரல் உள்ளே, நீளவாக்கில் ஒரு பள்ளக் கோடு இருக்க வேண்டும். ஓரத்தைச் சுற்றி அடியில் ஊர்ந்து வரும் தண்ணீர் அந்தப் பள்ளத்தைத் தாண்ட முடியாமல் சொட்டிவிடும். பல வீடுகளில் பூசும்போதே இதை மறந்துவிடுகிறார்கள். இப்போது வெட்டுவது கஷ்டம் என்றால் ஓரத்தில் அலுமினிய ‘எல்’ பட்டை ஒட்டலாம்.

ஜன்னலுக்கு வெளியே அடியில் இருக்கும் சிமென்ட் அல்லது கிரானைட் திண்டு வெளிப்பக்கம் சரிய வேண்டும். ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள், உடனே தெரிந்துவிடும். என் ஜன்னலில் திண்டு உள்பக்கம் சரிந்திருந்தது! கட்டியவரைத் திட்டிப் பயனில்லை. உளி வைத்துக் கொத்தி, மறுபடி சாய்வாகப் பூசியதில் ஒரு நாள் வேலை, அவ்வளவுதான். திண்டு நிலையின் அடிக்கட்டைக்கு மேலே ஏறி நிற்கக் கூடாது, கீழேதான் முடிய வேண்டும்.

நிலையும் சுவரும் சேரும் இடத்தில் எப்போதும் விரிசல் விழும். மரம் அசையும், சிமென்ட் அசையாது. அங்கே வெறும் சிமென்ட் பாலை ஊற்றி அடைப்பது வீண். விரிசலைச் சற்று அகலப்படுத்தி, தூசி தட்டி, பெயின்ட் ஏறும் சீலன்ட் போடுங்கள்.

ஏசி அறைக்கு ஒரு தனிக் குறிப்பு. புழுக்கமான இரவில் குளிர்ந்த கண்ணாடியின் வெளிமுகத்தில்தான் நீர்த்துளி கோக்கும். அது வழிந்து கதவின் கீழ்ச்சட்டத்தில், கண்ணாடி மக்கு இருக்கும் இடத்தில் சேரும். மழையே இல்லாத மாதத்தில் ஒரு சட்டம் இற்றுப்போனால் காரணம் இதுவாக இருக்கலாம். ஏசியின் குளிர்காற்று நேரே கண்ணாடியில் மோதாமல் திருப்பி வையுங்கள். மக்கு வெடித்திருந்தால் அதைச் சுரண்டி எடுத்துப் புதுசாக வையுங்கள்.

இற்ற பகுதியை என்ன செய்வது

லப்பம் வைத்து மெழுகி, பெயின்ட் அடித்து மறைப்பதுதான் வழக்கம். ஒரு மழைக்குக்கூடத் தாங்காது. இற்றதை வெட்டி எடுத்தே தீரவேண்டும்.

கட்டை விரல் நகம் அளவு என்றால் உளியால் நல்ல மரம் வரும்வரை சுரண்டி, காயவிட்டு, மரத்துக்கென்று விற்கும் எபாக்சி நிரப்பியால் அடைக்கலாம். அதைவிடப் பெரிதானால் ஆசாரி வேலை. இற்ற இடத்தைத் தாண்டி இரண்டு அங்குலம் நல்ல மரத்துக்குள் வரை வெட்டி, அதே வகை மரத்தில், ரேகை அதே வாக்கில் ஓடும் துண்டை ஒட்டுப்போடச் சொல்லுங்கள். சேரும் இடம் செங்குத்தாக இல்லாமல் சாய்வாக, தண்ணீர் வெளியே வழியும்படி இருக்கட்டும். சாதாரண வெள்ளைப் பசை வேண்டாம், தண்ணீர் தாங்கும் பசை வேண்டும்.

வெட்டிய குழியில் புதுமரம் வைப்பதற்கு முன், போராக்ஸும் போரிக் அமிலமும் எடையில் ஒன்றரைக்கு ஒன்று கலந்து வெந்நீரில் கரைத்து, பிரஷால் இரண்டு மூன்று முறை தடவலாம். பூஞ்சைக்கும் வண்டுக்கும் ஆகாது. மழை பட்டால் கரைந்து போய்விடும் என்பதால் காய்ந்தபின் மேலே பிரைமரும் பெயின்டும் கட்டாயம். குழந்தைகளுக்கு எட்டாமல் வையுங்கள். மீந்ததைச் சமையலறைப் பாத்திரத்தில் வைக்காதீர்கள்.

பெயின்ட்: எப்போது, எங்கே

பொங்கல் கழிந்து பனி குறைந்த மாசி முதல் வைகாசி வரை நல்ல காலம். காலையில் பனி ஈரம் காய்ந்து, பத்து மணிக்கு மேல் ஆரம்பியுங்கள். ஊசி வைத்த ஈரமானி ஒன்றை ஆசாரியிடமோ, தெரிந்த இன்டீரியர்காரரிடமோ இரவல் வாங்க முடிந்தால் நல்லது. 15 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் அடிக்கலாம். 18 காட்டினால் பொறுங்கள். ஈர மரத்தில் அடித்த பெயின்ட் வெயில் பட்டதும் கொப்புளம் கட்டி உரியும்.

பழைய பெயின்டைச் சுரண்டும்போது கவனம். வீட்டுப் பெயின்டில் ஈயத்தின் அளவைக் கட்டுப்படுத்தும் விதி இந்தியாவில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பூச்சில் ஈயம் இருக்கலாம் என்று எடுத்துக்கொண்டு, உலர்வாகத் தேய்க்காமல் தண்ணீர் தொட்டுத் தேயுங்கள், முகக்கவசம் போடுங்கள், குழந்தைகளையும் கர்ப்பிணிகளையும் அந்தப் பக்கம் விடாதீர்கள்.

பிறகு 80 நம்பர் உப்புத்தாள், அடுத்து 120. முதல் பூச்சுப் பிரைமரைக் கொஞ்சம் டர்பன்டைன் கலந்து நீர்க்க அடித்தால் மரத்துக்குள் இறங்கும். லப்பம் வைப்பது அழகுக்கு மட்டும், மெல்லிசாக. அதன் மேல் மறுபடி ஒரு பிரைமர், பின் எனாமல் இரண்டு பூச்சு, நடுவில் டப்பாவில் போட்டிருக்கும் இடைவெளி விட்டு.

இதில் யாரும் செய்யாத ஒன்று, கதவின் கீழ் ஓரம். நெடுஞ்சட்டத்தின் வெட்டுமுனை அங்கேதான் இருக்கிறது. மரம் உயிரோடு இருந்தபோது நீர் ஏறிய குழாய்கள் எல்லாம் அந்த முனையில் வாய் திறந்து நிற்கும். பக்கவாட்டைவிடப் பல மடங்கு வேகமாகத் தண்ணீரை உறிஞ்சும். கதவைக் கழற்றாமல் அங்கே பிரஷ் போகாது. அதனால் பெயின்டரும் விட்டுவிடுவார். முகம் பார்க்கும் சின்னக் கண்ணாடியைக் கதவுக்கு அடியில் பிடித்துப் பாருங்கள். பெயின்ட் படாத வெறும் மரம் தெரிந்தால் கீலைக் கழற்றிக் கீழ் ஓரத்துக்கும் மேல் ஓரத்துக்கும் மூன்று பூச்சு கொடுங்கள். இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு வேலைதான் செய்ய நேரம் இருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள்.

கழற்றியபோதே துருப்பிடித்த இரும்பு ஸ்க்ரூக்களைத் தூக்கிப் போட்டுவிட்டு, பித்தளையோ ஸ்டெயின்லெஸ் ஸ்டீலோ போடுங்கள். கடற்கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில் வீடு என்றால் 316 ரகம் கேளுங்கள், சாதாரண 304 ரகம்கூட உப்புக்காற்றில் பழுப்புக் கட்டும்.

தேக்கின் ரேகை தெரியவேண்டும் என்று வார்னிஷ் கேட்பவர்கள் உண்டு. ஆசை நியாயம்தான். ஆனால் தெளிவான பூச்சு வழியாக வெயில் உள்ளே புகுந்து மரத்தின் மேல்தோலைச் சிதைக்கும், பூச்சு செதில் செதிலாக எழும்பும். வெளிப்புறத்துக்கென்றே, புற ஊதாக் கதிரைத் தடுக்கும் வகை வாங்கி, இரண்டு வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கத் தயார் என்றால் செய்யுங்கள். இல்லையென்றால் உள்பக்கம் வார்னிஷ், வெளிப்பக்கம் எனாமல் என்பது எனக்குப் பிடித்த சமரசம். ஆளி விதை எண்ணெய் தடவுவதும் உண்டு. நம் புழுக்கத்தில் கறுப்புப் பூஞ்சை பிடித்துக்கொள்ளும். தடவினால் அந்த எண்ணெய்த் துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். தானாகச் சூடேறித் தீப்பிடிக்கக்கூடியது. விரித்துக் காயவைத்து அப்புறம் எறியுங்கள்.

புது ஜன்னல் செய்பவர்களுக்கு

மரக்கடையில் ‘தேக்கு’ என்ற சொல்லைக் கேட்டதும் தலையாட்டிவிடாதீர்கள். எந்த மரமானாலும் நடுவில் இருக்கும் வைரம்தான் உழைக்கும். ஓரத்து வெள்ளை உழைக்காது. இளம் தோட்டத் தேக்கில் வெள்ளை அதிகம். வெள்ளை நிறைந்த தேக்கைவிட வைரம் பாய்ந்த வேங்கையோ கோங்கோ மேல். வேப்பமரத்தில் நிலை செய்யும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. விலை குறைவு, நன்றாகக் காய்ந்த மரம் என்றால் பரவாயில்லை, பச்சையாக அறுத்துச் செய்தால் முறுக்கிக்கொள்ளும்.

காய்ந்ததா என்று பார்க்க மீட்டர் இல்லாவிட்டாலும் வழி இருக்கிறது. கட்டையின் முனையை விட்டு, ஒரு முழம் உள்ளேயிருந்து தீக்குச்சிப்பெட்டி அளவு துண்டு ஒன்று வெட்டி வாங்குங்கள். சமையலறைத் தராசில் எடை போட்டு, 100 டிகிரிக்குச் சற்று மேல் வைத்த ஓவனில், எடை இறங்குவது நிற்கும்வரை காயவையுங்கள். 23 கிராம் இருந்தது 20 கிராமில் நின்றால் ஈரம் 15 சதவீதம். கதவு ஜன்னலுக்கான மரத்தில் எவ்வளவு ஈரம் இருக்கலாம் என்று ஐ.எஸ். 287 என்ற இந்தியத் தரக் குறியீடு ஊரின் ஈரப்பதத்துக்கேற்பப் பிரித்துச் சொல்கிறது. கடலோரத்துக்கு 14, 15 என்றால் வாங்கலாம். 20-க்கு மேல் என்றால் கடைக்காரர் என்ன சத்தியம் செய்தாலும் திரும்பி வந்துவிடுங்கள்.

நிலையைச் சுவரில் நிறுத்தும் முன், சுவரோடு ஒட்டப்போகும் முதுகுப் பக்கத்துக்குப் பிரைமரோ கறுப்பு பிட்டுமென் பூச்சோ கொடுக்க வேண்டும். நிறுத்திய பிறகு ஆயுசுக்கும் அந்தப் பக்கம் யாராலும் போக முடியாது. அப்புறம் சுவருக்குச் சிமென்ட் பூச்சு வேலை நடக்கும், அது இறுக ஒரு வாரம் தண்ணீர் விட்டு ஆற்றுவார்கள். ஹோஸைப் பிடித்துச் சுவரோடு நிலையையும் சேர்த்துக் குளிப்பாட்டுவார்கள். வீடு குடிபுகும் முன்பே மரம் ஊதி, சிமென்ட் பால் பட்டுக் கறுத்துப்போவது இப்படித்தான். பாலித்தீன் தாளால் நிலையை மூடி டேப் ஒட்டச் சொல்லுங்கள். ஆற்றும் வேலை முடிந்த அன்றே பிரித்துவிடுங்கள், இல்லாவிட்டால் உள்ளே வேர்க்கும்.

குளியலறைக்கு மர ஜன்னலே வேண்டாம். அங்கே அலுமினியமோ யு.பி.வி.சி.யோ போடுங்கள்.

வெள்ளம் புகுந்த வீட்டில்

2015 டிசம்பரிலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் சென்னையின் தாழ்வான பகுதிகளில் தரைத்தள ஜன்னல்கள் தண்ணீரில் நின்றன. வடிந்த பிறகு முதல் வேலை, சேறு காய்வதற்குள் நல்ல தண்ணீரால் கழுவுவது. கம்பித் துளைகள், கீல், தாழ்ப்பாள் சந்துகளில் உள்ள வண்டலையும் குச்சியால் எடுங்கள். கதவைக் கழற்றி வெயிலில் சாய்த்துவைக்கத் தோன்றும், வேண்டாம். ஒரு பக்கம் மட்டும் காய்ந்து வளைந்துவிடும். மாட்டிய இடத்திலேயே திறந்து கொண்டி போட்டு, ஃபேன் ஓடவிட்டு, நிழலில் ஆறவிடுங்கள். பெயின்ட் கொப்புளித்த இடங்களில் சுரண்டி எடுத்துவிட்டால் ஈரம் வெளியேற வழி கிடைக்கும்.

சுவர் ஈரம் மரத்துக்குள் வந்துகொண்டே இருக்கும் என்பதால் இது ஒன்றிரண்டு வாரத்தில் முடியாது. அடிக்கட்டையில் பென்சிலால் ஓரிடம் குறித்து, வாரம் ஒருமுறை அதே இடத்தில் மீட்டரை வைத்துப் பாருங்கள். எண் இறங்கிக்கொண்டே வந்து, இரண்டு மூன்று வாரம் ஒரே எண்ணில் நின்றால் பிரைமர் டப்பாவைத் திறக்கலாம். டிசம்பரில் நனைந்த நிலைக்கு அந்த நாள் பெரும்பாலும் மாசியில்தான் வரும்.